வாஸ்கோ ட காமா என்று சொன்ன தம்பிக்குத்தான் மார்க் போட்டிருக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடந்த கால்பந்து குவிஸில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்கு நேரடியாகத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். கண்டம் தழுவிய முதல் கிளப் போட்டியை ஜெயித்த அணி எது என்பது கேள்வி. ஒரு கல்லூரிப் பையன் "வாஸ்கோ ட காமா" என்றான். "அவர் கப்பல்ல வந்தவர் தம்பி, பந்து ஆடினதா தெரியலையே" என்றார் நடத்தியவர். எல்லாரும் சிரித்தீர்கள். அவன் கேமராவை அணைத்துவிட்டான். விடை ரியல் மாட்ரிட், 1956 என்று திரையில் வந்தது, குவிஸ் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

பையன் சொன்னதுதான் சரி. அங்கேயே கமெண்டில் எழுதினேன். "ஓவரா படிச்சா இப்படித்தான்" என்று ஒருவர், "உங்க லத்தீன் அமெரிக்கப் பாசம் தெரிஞ்சதுதானே" என்று இன்னொருவர். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

வாஸ்கோ ட காமா ரியோ டி ஜெனீரோவின் கிளப். அந்த மாலுமி கோழிக்கோட்டுக்கு வந்து 400 வருடம் ஆனதையொட்டி, 1898இல் போர்ச்சுகீசியக் குடியேறிகள் படகுப் போட்டிக்காகத் தொடங்கியது, அதனால்தான் அந்தப் பெயர். 1948 பிப்ரவரி, மார்ச்சில் சிலியின் தலைநகர் சான்டியாகோவில், கோலோ கோலோ கிளப் ஏற்பாட்டில் தென்னமெரிக்கச் சாம்பியன்களின் சாம்பியன்ஷிப் நடந்தது. ஏழு நாட்டிலிருந்து ஏழு கிளப்புகள். அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட், உருகுவேயின் நாசியோனல், பிரேசிலின் வாஸ்கோ, சிலியின் கோலோ கோலோ, பெருவின் முனிசிபல், எக்வடோரின் எமெலெக், பொலிவியாவின் லிட்டோரல். ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரோடும் ஒருமுறை ஆட வேண்டும். வாஸ்கோ நான்கில் ஜெயித்து இரண்டை டிரா செய்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. உருகுவே சாம்பியன் நாசியோனலை 4-1 என்று அடித்தார்கள். அந்த நாசியோனல்தான் ரிவர் பிளேட்டை 3-0 என்று வீழ்த்திய அணி. ஆட்டங்களின் தரம் என்ன என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

மாட்ரிட் ஜெயித்ததாகச் சொன்ன அந்த ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆட்டம் லிஸ்பனில் 1955 செப்டம்பர் 4 அன்று நடந்தது. ஸ்போர்ட்டிங்கும் பார்ட்டிசானும் 3-3. சான்டியாகோ முடிந்து ஏழு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. 1948 முந்தியா, 1955 முந்தியா? இதற்கு மேல் இதில் வாதம் என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

சரி, வாதம் இருக்கிறது என்கிறார்கள், பார்ப்போம்.

"அது அழைப்புப் போட்டி, தகுதிப் போட்டி இல்லை." இதைச் சொன்னவர்கள் 1955ஐ ஒருதரமாவது எடுத்துப் பார்த்தீர்களா? அந்தப் போட்டியைத் தொடங்கியது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுயெஃபா இல்லை, லெக்கிப் என்ற பாரிஸ் விளையாட்டு நாளிதழ். 1954 டிசம்பரில் இங்கிலாந்தின் உல்வ்ஸ் ஹங்கேரியின் ஹோன்வேடை 3-2 என்று ஜெயித்ததும் ஆங்கிலப் பத்திரிகைகள் உல்வ்ஸை உலகச் சாம்பியன் ஆக்கிவிட்டன. அதைப் பொறுக்காமல் லெக்கிப்பின் கேப்ரியல் ஆனோ பேனாவை எடுத்தார், அங்கிருந்து பிறந்தது அது. பதினாறு கிளப்புகளை அழைத்ததும் அதே பத்திரிகைதான். ஸ்காட்லாந்தில் அந்த வருடச் சாம்பியன் அபர்டீன், ஆனால் ஆடப் போனது லீக்கில் ஐந்தாவதாக வந்த ஹிபர்னியன். அரையிறுதி வரை போனார்கள், நன்றாகவே ஆடினார்கள், அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இங்கிலாந்துச் சாம்பியன் செல்சியை அந்த நாட்டு லீக் நிர்வாகமே போகவிடாமல் தடுத்தது. அவர்கள் இடத்தில் வார்சாவின் குவார்டியா ஆடியது. ஐந்தாம் இடத்து அணி ஆடியது முதல் போட்டி, அர்ஜென்டினா, உருகுவே, சிலி சாம்பியன்கள் மூவரும் நேரில் வந்து ஆடியது நட்பு ஆட்டமா? அழைப்பு என்பது குற்றமென்றால் இரண்டுக்கும் குற்றம்தான்.

பிரேசிலில் அப்போது தேசிய லீக் கிடையாது, வாஸ்கோ ரியோவின் சாம்பியன் மட்டும்தானே என்று இன்னொருவர். ஆமாம். லீக்கே இல்லாத நாட்டிலிருந்து வேறு யாரை அனுப்புவது?

மித்ரோபா கோப்பை 1927லேயே வந்துவிட்டது என்று சொன்ன நண்பருக்கு நன்றி, அவராவது படித்துவிட்டு வந்தார். ஆனால் அது மத்திய ஐரோப்பாவுக்குள் நடந்தது. இங்கிலாந்தும் ஸ்பெயினும் பிரான்சும் ஜெர்மனியும் இல்லாததைக் கண்டம் தழுவியது என்று எப்படிச் சொல்வது? சான்டியாகோவுக்கும் பராகுவே, கொலம்பியா, வெனிசுவேலாவிலிருந்து யாரும் வரவில்லை, தெரியும். ஏழு நாடு வந்தது.

"ஒரே ஒரு தடவை நடந்து நின்றுபோனதுதானே?" என்பதும் வந்தது. நின்றுதான் போனது. 1960இல் தென்னமெரிக்கக் கிளப்புகளின் லிபர்டடோரஸ் கோப்பை தொடங்கி உருகுவேயின் பென்யரோல் கோப்பை வாங்கும் வரை அப்படி ஒன்று மறுபடி நடக்கவில்லை. ஏழு அணிகளை ஒரே ஊரில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கவைத்து ஆடவைப்பது எவ்வளவு செலவு என்று யோசியுங்கள். ஐரோப்பாவில் அவரவர் ஊரில் ஒரு ஆட்டம், எதிரி ஊரில் ஒரு ஆட்டம் என்று வைத்தார்கள், வாரநாளில் ஆடிவிட்டு வார இறுதியில் சொந்த லீக்குக்குத் திரும்பிவிடலாம். அதனால் அது நிலைத்தது. ஆனால் ஒரு வீட்டில் முதல் பிள்ளை தங்கவில்லை என்பதற்காக இரண்டாவதை மூத்தது என்று யாராவது எழுதுவார்களா?

லெக்கிப்பில் ஆனோவோடு வேலை பார்த்த ஜாக் ஃபெரான், ஐரோப்பியக் கோப்பைக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர், தென்னமெரிக்காவின் அந்தப் போட்டிதான் தங்களுக்கு ஊக்கம் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். 1996இல் தென்னமெரிக்கக் கூட்டமைப்பே 1948 வெற்றியை அங்கீகரித்தது. பழைய லிபர்டடோரஸ் சாம்பியன்கள் மட்டும் ஆடும் சூப்பர் கோப்பையில் 1997இல் வாஸ்கோவுக்கு இடம் கிடைத்தது அதனால்தான். தொடங்கியவரே ஒப்புக்கொண்டாயிற்று, கூட்டமைப்பும் ஒப்புக்கொண்டாயிற்று. நம் குவிஸ் குழுவுக்கு மட்டும் ஒப்பவில்லை.

இன்னொன்று. ரிவர் பிளேட்டுக்காக சான்டியாகோவில் 21 வயதுப் பையன் ஒருவன் ஆடினான். பெயர் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ. 1956 ஜூன் 13 அன்று பாரிஸில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பிரான்சின் ரெய்ம்ஸ் அணி பத்தே நிமிடத்தில் 2-0 என்று முன்னால் போனபோது, ரியல் மாட்ரிட்டுக்கு முதல் கோலைப் போட்டுத் திருப்பியதும் அவர்தான். ஆட்டம் 4-3 என்று முடிந்தது. இரண்டு கண்டத்தின் முதல் போட்டியிலும் ஆடியவர். குவிஸ் ஸ்லைடில் போட்டீர்களே அவர் படத்தை, கோப்பையோடு சிரிக்கிற படம், அந்த மனிதர் அதற்கு எட்டு வருடம் முந்தி ஒரு கண்டத்தின் முதல் கோப்பையைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டவர்.

விட்டது யாரால் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1948 மார்ச் 14. வாஸ்கோவுக்கும் ரிவர் பிளேட்டுக்கும் ஆட்டம். வாஸ்கோவுக்கு டிரா போதும். டி ஸ்டெஃபானோ, லாப்ரூனா, லூஸ்தாவ் என்று அன்றைய தென்னமெரிக்காவின் பயங்கரமான முன்வரிசை எதிரே. ரிவருக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. அடித்தவர் லாப்ரூனா. பிடித்தவர் வாஸ்கோவின் கோல்கீப்பர் பார்போசா. ஆட்டம் 0-0. பத்துப் புள்ளியோடு வாஸ்கோ சாம்பியன், ஒன்பதோடு ரிவர் இரண்டாவது.

பார்போசா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், ரியோவின் மரக்கானா மைதானம், உருகுவேயின் கீஜியா அடித்த பந்து, பக்கத்துக் கம்பத்துக்கும் அவருக்கும் நடுவே உள்ளே போனது, உருகுவே 2-1. அது மட்டும்தான் வரும். அந்த ஒரு கோலுக்காக ஒரு நாடே அவரைச் சாகும் வரை மன்னிக்கவில்லை. பிரேசிலில் அதிகபட்ச தண்டனை 30 வருடம், நான் 50 வருடமாக அனுபவிக்கிறேன் என்று அவரே சொன்னார். 1990களில் உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த தேசிய அணியைப் பார்க்கப் போனவரை, ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. 2000இல் இறந்தார். அந்தத் தோல்விக்குப் பழி விழுந்தவர்கள் பார்போசா, பிகோடே, ஜுவெனால் மூவருமே கறுப்பர்கள். அன்று பிரேசிலின் பயிற்சியாளர் சான்டியாகோவில் வாஸ்கோவை நடத்திய அதே ஃபிளாவியோ கோஸ்டா. அகுஸ்டோ, டனிலோ, ஃப்ரியாசா, சிக்கோ என்று அந்த வாஸ்கோவிலிருந்து வந்தவர்கள் களத்தில் நிறைய இருந்தார்கள்.

என் பெரிய அண்ணன் கோல்கீப்பர். மாவட்ட அளவில் ஆடியவர். ஒரு கோப்பையின் அரையிறுதியில் பெனால்டியைப் பிடித்துத்தான் டீமை இறுதிக்கே கொண்டுபோனார். இறுதி ஆட்டத்தில் மழை, சேறு. சாதாரணமாக உருண்டு வந்த பந்து கைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் ஓட்டைக்கை. கல்யாண மண்டபத்தில் அண்ணி வீட்டுக்காரர்கள் முன்னாலேயே ஒருவன் அப்படிக் கூப்பிட்டான். அண்ணன் சிரித்தார், நான் பக்கத்தில் நின்றேன். அரையிறுதிப் பெனால்டியை இன்றைக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது. இப்போதும் டிவியில் பெனால்டி வந்தால் அவர் பந்தைப் பார்க்கமாட்டார். கீப்பரின் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்ப்பார், கீப்பர் பாய்வதற்கு முன்னால் தன் வலது முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அவரிடம் சான்டியாகோ கதையைச் சொன்னபோது, "பிடிச்சாரா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், 1948ஐ அழித்தால் போவது ஒரு குவிஸ் விடை மட்டும் இல்லை. பார்போசாவிடம் மிச்சமிருக்கிற நல்லது போகிறது. 1924இல் கறுப்பர்களும் கூலித் தொழிலாளிகளுமான தன் 12 ஆட்டக்காரர்களை நீக்கினால்தான் லீக்கில் சேர்ப்போம் என்று ரியோவின் பெரிய கிளப்புகள் சொன்னபோது, அப்படியென்றால் நாங்கள் வரவில்லை என்று கடிதம் எழுதிய கிளப் இந்த வாஸ்கோ. அந்தக் கிளப்பின் கோல்கூண்டில் நின்று ஒரு கண்டத்தின் முதல் கோப்பையைக் காப்பாற்றியவர் ஒரு கறுப்பு கோல்கீப்பர். அந்த விடையைச் சொன்ன பையனைப் பார்த்துத்தான் அத்தனை பேர் சிரித்தீர்கள்.

"தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பீர்கள். மாட்ரிட் ஜெயித்தால் விடிய விடியப் பட்டாசு வெடிக்கிறவர்கள் கேட்கிற கேள்வியா இது? மாட்ரிட் உங்களுக்குப் பக்கத்து ஊர் என்றால் சான்டியாகோ எனக்கும் பக்கத்து ஊர்தான்.

நான் மாட்ரிட்டைக் குறைத்துப் பேசவில்லை. அந்த முதல் ஐந்து கோப்பைகளையும் தொடர்ந்து வாங்கியதற்கு ஈடு இணை கிடையாது. ஐரோப்பாவின் முதல் போட்டி எது என்று கேளுங்கள், நானே 1955-56 என்று கைதூக்கிச் சொல்கிறேன். "கண்டம் தழுவிய முதல்" என்று கேட்டுவிட்டு ஐரோப்பாவைச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். உலகத்தில் ஒரு கண்டம்தான் இருக்கிறதா?

குவிஸ் நடத்தியவருக்குத் தனிச் செய்தி அனுப்பிவிட்டேன், நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. இனி பார்போசாவைப் பற்றிப் பதிவு போடுகிறவர்கள் 1950 ஜூலை 16ஐ எழுதும்போது 1948 மார்ச் 14ஐயும் சேர்த்து எழுதுங்கள். கீழே யாராவது ஆதாரம் கேட்டு மடக்கினால் என்னை டேக் செய்யுங்கள், நான் வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன்.