"மறைக்க ஒண்ணுமில்லன்னா போனைக் காட்ட வேண்டியதுதானே?"

காதலிப்பவர்களுக்கும் கல்யாணம் ஆனவர்களுக்கும் பழகிப்போன கேள்வி. கேட்கிறவருக்குத் தோல்வியே கிடையாது. காட்டினால் அவர் ஜெயித்தார். காட்ட மாட்டேன் என்றால் அதுவே குற்றத்துக்குச் சாட்சி.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். போனைப் பார்த்துச் சந்தேகம் தீர்ந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. தப்பு செய்தவரைப் போன் காட்டிக் கொடுக்கலாம், செய்யாதவரைக் காப்பாற்ற அதற்குத் தெரியாது. வாட்ஸப்பில் ஒன்றும் இல்லையா? அழித்திருப்பான். கால் லிஸ்டும் சுத்தமா? இன்ஸ்டாவில் பேசியிருப்பான். அங்கேயும் இல்லையா? இன்னொரு சிம் இருக்கும். கடைசியில், "இவ்வளவு சுத்தமா ஒருத்தன் போன் எப்படி இருக்கும்?" என்பதில் வந்து நிற்கும்.

இதைச் செல்போன் கொண்டுவந்த வியாதி என்று சொல்லிவிட முடியாது. புலவி நுணுக்கம் அதிகாரத்தில் வள்ளுவர் அச்சு அசலாக இதைத்தான் எழுதியிருக்கிறார். அவன் தும்முகிறான். வாழ்த்தியவள் அடுத்த நொடியே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் பாவம், தும்மலை அடக்கிப் பார்க்கிறான். உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை. லாஸ்ட் சீனைத் திறந்து வைத்தாலும் சண்டை, மறைத்து வைத்தாலும் சண்டை. என்ன, அங்கே நடந்தது ஊடல். கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். தும்மலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்து ஆறு மாதம் கழித்து நீட்ட முடியாது.

வாட்ஸப் 2014 நவம்பரில் நீல டிக்கைக் கொண்டுவந்தது. ஜனங்கள் போட்ட கூச்சலில் அதை அணைத்து வைக்கும் வசதியையும் சீக்கிரமே கொடுத்தார்கள். அப்புறம் 2017இல், அனுப்பிய செய்தியை இரண்டு பக்கமும் அழிக்கும் வசதி. அதுவாவது நிம்மதியா என்றால், அழித்த இடத்தில் 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். இரவு 11 மணிக்கு அந்த ஒரு வரியைப் பார்த்தவர் தூங்குவார் என்றா நினைக்கிறீர்கள்? 2023இல் சாட்டைத் தனியாகப் பூட்டும் வசதியும் வந்தது. இப்போது பூட்டு இருப்பதே ஒரு வழக்கு.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண் எங்களோடு மதியம் சாப்பிடுவாள். நிச்சயம் ஆகியிருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வீடியோ கால் வரும். "பக்கத்துல யாரு? கேமராவைத் திருப்பு." அவள் சிரித்துக்கொண்டே திருப்புவாள். ஒவ்வொருவர் முகமாக, அவரவர் டிபன் பாக்ஸோடு. நாங்களும் கையில் தயிர்சாதத்தோடு "ஹாய் மாப்ள" என்று கையாட்டுவோம். எங்களுக்கெல்லாம் அது தமாஷ். ஒரு நாள் மேஜையில் புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். போன் அடித்ததும் அவள் கேமராவைத் திருப்பவில்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு பெண்கள் இருந்த மேஜைக்குப் போய் உட்கார்ந்து, அதற்கப்புறம்தான் எடுத்தாள். பிறகு எங்கள் மேஜைப் பக்கமே வரவில்லை. இதைத்தான் நம் ஊரில் "அவர் என் மேல ரொம்பப் பொசசிவ்" என்று பெருமையாகவும் சொல்கிறோம்.

இன்னொரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. உன் போன் உன்னுடையது மட்டுமா? தோழி கரு கலைந்த அன்று அழுதபடி அனுப்பிய வாய்ஸ் நோட் அதில் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாமல் தம்பி வாங்கிய கடன் இருக்கிறது. அவர்கள் உன்னை நம்பிச் சொன்னதே தவிர, உன் காதலனை நம்பிச் சொன்னதில்லை. "எனக்கு அவர்கிட்ட எந்த ரகசியமும் இல்ல" என்று போனைத் தூக்கிக் கொடுப்பவர், ஊரார் ரகசியத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

பாஸ்வேர்டு பரிமாற்றமும் பேச்சுக்குத்தான் பரிமாற்றம். பல வீடுகளில் மனைவியின் போன் டீப்பாயில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கணவர் போனைத் தொட்டால், "அதுல ஆபீஸ் விஷயம் இருக்கு."

இது நீதிமன்றம் வரைக்கும் போயாயிற்று. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்ட ஒரு கணவர், மனைவியின் கால் விவரப் பட்டியலைச் சாட்சியாகக் கொடுத்தார். மனைவி ஆட்சேபித்தார். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு நடுவிலும் உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரத்தை ஏற்க முடியாது என்றது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் கொடுத்த தீர்ப்பு. ஆனால் 2025 ஜூலையில், பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த பேச்சை மணமுறிவு வழக்கில் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் சட்டத்தைப் பற்றி வக்கீல்கள் பேசட்டும். எனக்குப் பிடித்தது அதிலேயே சொல்லியிருந்த வேறொன்று: ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால், அதுவே உறவு முறிந்துவிட்டதற்கு அடையாளம். வேவு பார்த்ததால் முறிந்தது என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

கல்யாணம் ஆகாத பையன்களுக்கு ஒரு தகவல். ஒரு பெண் இணையத்திலோ மின்னஞ்சலிலோ என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 'சும்மா அவ போன்ல ஒரு ஆப் போட்டு வெச்சேன்' என்பவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

"ஏமாற்றுகிறவன் ஏமாற்றிக்கொண்டே இருப்பான், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கணுமா?" என்று கேட்பார்கள். நியாயம். போனைப் பார்த்த பிறகுதான் புருஷனின் இன்னொரு குடும்பம் தெரியவந்தது என்று சொன்ன பெண்களிடம் போய், நீ அந்தரங்கத்தை மீறிவிட்டாய் என்று பேச எனக்கு வாய் வராது. ஆனால் அவர்களை விசாரித்துப் பாருங்கள். போனைத் தொடுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். சம்பளம் குறைந்தது, வெளியூர் வேலை கூடியது, கேட்ட கேள்விக்குப் பதிலாகக் கோபம் வந்தது. அதையெல்லாம் கேட்கவே விடாத ஒரு வீடு, அதனால் போன். அது சந்தேகப் புத்தி இல்லை, வேறு வழியில்லாத நிலைமை. தினமும் ராத்திரி காதலியின் ஃபாலோயர் லிஸ்ட்டை எண்ணிப் பார்க்கும் பையனை அந்தப் பெண்களோடு சேர்த்துப் பேசாதீர்கள்.

சரி, கமெண்ட்டில் வரப்போகும் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். என் போன் பின் நம்பர் என் மனைவிக்குத் தெரியும். கேஸ் புக் பண்ணவும், பையனின் ஸ்கூல் குரூப்பைப் பார்க்கவும் எடுப்பாள். அவள் போனின் பேட்டர்ன் எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. பேங்க் ஓடிபி அவள் நம்பருக்கு வந்தால், அடுப்படியில் இருந்தபடி நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொல்வாள். மெதுவாகச் சொல்லு என்றுதான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.