இதயச் செயலிழப்புக்கு பேஸ்மேக்கர் மோசடியா?

"பேஸ்மேக்கர் துடிப்பு குறைந்தவர்களுக்கு மட்டும்தான், இதயச் செயலிழப்புக்குப் பொருத்துவது மோசடி" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இதயச் செயலிழப்பு (இதயம் போதுமான இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ள சிலருக்கு மின்தூண்டல் தாமதமாகப் பரவுவதால் இடது கீழறையின் சுவர்கள் ஒருசேரச் சுருங்குவதில்லை. இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் சிஆர்டி பேஸ்மேக்கர் அதைத்தான் சீராக்குகிறது. 813 பேர் பங்கேற்ற கேர்-எச்எஃப் ஆய்வில் (2005), சுமார் இரண்டரை ஆண்டுகளில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 சதவீதமும், கருவியும் பொருத்தியவர்களில் 20 சதவீதமும் இறந்தார்கள். மிகப் பெரிய வித்தியாசம் இது!

சரி, எல்லோருக்கும் பொருந்துமா? இல்லை. ஈசிஜியில் கியூஆர்எஸ் அகலம் (மின்தூண்டல் கீழறைகளில் பரவ எடுக்கும் நேரம்) 130 மில்லிசெகண்டுக்குக் குறைவாக இருந்தவர்களுக்குப் பலனில்லை என்று 2013-இல் எக்கோ-சிஆர்டி ஆய்வு காட்டியது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலில் இதைச் சரிபார்க்கலாம்.

தேவைப்படும் ஒருவர் பயந்து சிகிச்சையை மறுத்துவிடக் கூடாது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.