பில் இருந்தால் சைலன்சர் மாற்றலாமா?

கொல்லிமலை ரைடுக்குக் கிளம்பும் பசங்களிடம் ஒரு தகவல் சுற்றுகிறது: "கடை பில் கையில் இருந்தால் சத்தமான சைலன்சருக்கு ஃபைன் கிடையாது."

தவறு. பில், நீங்கள் காசு கொடுத்ததற்கு மட்டும்தான் சாட்சி. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தத்துக்கான வழக்கு தனி. அதற்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகலாம்.

"டிபி கில்லர் மாட்டியிருக்கேனே" என்பார்கள். சத்தத்தைக் குறைக்க சைலன்சருக்குள் செருகும் சின்னக் குழாய் அது. ஒரு போல்ட்டை அவிழ்த்தால் அந்தக் குழாய் கையோடு வந்துவிடும். செக்போஸ்ட்டில் நிற்பவருக்கும் இது தெரியும்!

அதே அளவில் புது டயர், புது பிரேக் பேட் போடுவது சிக்கலில்லை. கொல்லிமலையில் இருக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அவைதான் வேண்டும்.