ஏழே ஏழு ஆட்டங்கள்

சுமோ மல்யுத்தத்தின் மூன்றாம் பிரிவான மக்குஷிதாவில் ஒரு மல்லரைப் பின்தொடர்வது பெரும் வேதனை. சுமோ போட்டி 15 நாள் நடந்தாலும் மேல் இரண்டு பிரிவினர்தான் தினமும் மோதுகிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு 7 ஆட்டங்கள் மட்டுமே. இன்றா நாளையா என்பது முந்தைய நாள் பட்டியல் வரும் வரை தெரியாது.

தெரிந்த பிறகு மட்டும் என்ன? கீழ்ப்பிரிவு ஆட்டங்கள் காலையிலேயே, காலி இருக்கைகளுக்கு முன்னால் தொடங்கிவிடுகின்றன. மாலையில் அரங்கம் நிரம்பும்போது என் ஆள் குளித்துத் தலைவாரிக் கிளம்பியிருப்பார். காணொளி தேடினால் பெரிய வீரர்கள்தான் வருகிறார்கள். கிடைத்தாலும் நான்கே விநாடி. முகம்கூடச் சரியாகத் தெரியாது.

மூன்று வெற்றி, மூன்று தோல்வி என்று நிற்கும்போது கடைசி ஆட்டம் 13-ஆம் நாளா, 15-ஆம் நாளா என்று காத்திருப்பது கொடுமை. வென்றால் தரவரிசையில் ஏற்றம், தோற்றால் இறக்கம். அடுத்த மேல் பிரிவான ஜூரியோவுக்குப் போனால்தான் மாதச் சம்பளமே. அந்த விளிம்பில் நிற்பவரின் ஆட்டத்தை யாராவது முழுதாகக் காட்டக் கூடாதா? சென்ற முறை நான் அறிந்தது ஒரு கறுப்பு வட்டம் மட்டும்: தோல்வி.