சைக்ளமன் கிழங்கில் கத்தி வைக்காதீர்கள்

சைக்ளமன், கிழங்கிலிருந்து வளரும் ஒரு பூச்செடி. "சைக்ளமன் கிழங்கை உருளைக்கிழங்கு மாதிரி நாலா வெட்டி நட்டா நாலு செடி" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள். உருளைக்கு உடம்பெல்லாம் முளைக்கும் கண். சைக்ளமனுக்கு மொட்டெல்லாம் தலைப்பக்கம்தான். வெட்டிய இடத்தில் பூஞ்சை ஏறி அழுகிவிடும். கோத்தகிரியில் நானே இரண்டு நல்ல கிழங்குகளை அப்படி இழந்தேன். சைக்ளமன் பக்கக் கிழங்கும் விடாது.

அதனால் புதுச் செடிக்கு விதைதான் வழி. ஒரு நாள் ஊறவைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, துளி வெளிச்சமும் படாமல் மூடுங்கள். 15 முதல் 18 டிகிரி போதும். நம் மலைக்குளிர் அதற்குத் தோது. முளைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். முதலில் மண்ணுக்குள் குட்டிக் கிழங்கு திரளும், அப்புறம் ஒரே ஒரு இலை வரும். ஒற்றை இலையைப் பார்த்துக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்! பூக்கப் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேலாகும்.

இன்னொன்று: இது கிழக்கு மத்தியதரைக் கடலோரச் செடி. அங்கே கோடையில் மழை கிடையாது, கிழங்கு காய்ந்த மண்ணில் உறங்கும். நமக்கோ ஆனி, ஆடியிலும் மழை உண்டு. இலை பழுத்து உதிர்ந்ததும் தொட்டியை மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். கிழங்கின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே தெரியட்டும். தண்ணீரை அதன் தலையில் ஊற்ற வேண்டாம்.