ரத்த அழுத்தம் பார்த்தது போதும், டெண்டரைத் திறங்க

தூய்மைப் பணியாளர்களுக்கு மருத்துவ முகாம் நடத்திய போட்டோக்கள் மறுபடி டைம்லைனில் ஓடுகின்றன. நடுவில் கவுன்சிலர், பக்கத்தில் டாக்டர், பின்னால் பிளக்ஸ். முகாமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மாநகராட்சி தன் ஊரைக் கூட்டுகிறவர்களை நோய் வராமல் காப்பாற்ற நினைத்தால் அதற்கான இடம் அந்தப் பந்தல் இல்லை. தூய்மைப் பணியைத் தனியார் கம்பெனிக்குக் கொடுக்கும்போது எழுதி, சுகாதாரப் பிரிவு அலமாரியில் கிடக்கிற ஒப்பந்த ஆவணம்தான். கையுறையின் அளவு, இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண், காலை 5.30க்குத் திறந்திருக்கும் கழிப்பறை எல்லாம் முடிவாவது அங்கேதான்.

முகாமையே முதலில் பார்ப்போம். வழக்கமாக 10 மணிக்கு மேல்தான் தொடங்கும். விடியும் முன்பே மஸ்டருக்கு (வருகைப் பதிவுக்கு) வந்தவர் 8 மணிக்கே டீயும் வடையும் முடித்திருப்பார். வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், அது நடக்காது. அதனால் அப்போதைக்கு விரலில் குத்திப் பார்ப்பார்கள். 160 வந்தால் ‘நாளைக்கு வெறும் வயித்துல வந்து பாருங்க’ என்று ஒரு சீட்டு. நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. யார் போவார்? இதையே மஸ்டர் எடுக்கிற இடத்தில், டீக்கு முன்னால், இரண்டு நர்ஸ் இரண்டு குளுக்கோமீட்டரோடு வைத்தால் 40 பேரை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். கூடுதல் செலவு எதுவும் இல்லை, நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் அந்த நேரத்துக்கு விஐபி வரமாட்டார்.

இப்போது டெண்டர். பாதுகாப்பு உபகரணம் என்ற தலைப்பில் பெரும்பாலும் ‘கையுறை – 1 ஜோடி, கம்பூட் – 1 ஜோடி’ என்ற ரீதியில் ஒரு வரி இருக்கும். என்ன கையுறை? எழுதியிருக்காது. எழுதாத இடத்தில் ஒப்பந்ததாரர் விலை குறைந்ததைத்தான் வாங்குவார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை வரும், எல்லாம் ஒரே சைஸில். மே மாத வெயிலில் அரை மணி நேரத்தில் உள்ளே வியர்வை தேங்கும், விரலிடுக்கில் புண் வரும். பெண்களின் கைக்குப் பெரிதாக இருப்பதால் துடைப்பம் பிடியில் நிற்காது. கழற்றி வண்டியில் மாட்டிவிடுவார்கள். அப்புறம் ‘கொடுத்தாலும் போடமாட்டேங்கிறாங்க சார்’ என்று சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுதுவார். 2016 திடக்கழிவு விதிகள் உபகரணத்தைக் கொடுக்கச் சொன்னதோடு நிற்கவில்லை, பணியாளர் அதைப் பயன்படுத்துவதையும் உள்ளாட்சி உறுதி செய்ய வேண்டும் என்றன. போட முடியாததைக் கொடுத்துவிட்டுப் போடச் சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

எழுத வேண்டியது இது: உள்ளங்கைப் பக்கம் நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) பூசிய பின்னல் கையுறை, முதுகுப் பக்கம் காற்றோட்டத்தோடு, வெட்டுத் தாங்கும் தரம் இன்னது என்ற குறியீட்டோடு, 7, 8, 9 என மூன்று சைஸில், கிழிந்ததைக் கொடுத்தால் அன்றே புதுசு. ‘ஆறு மாதத்துக்கு ஒன்று’ என்பது கையுறைக்குச் சரிவராது, கண்ணாடித் துண்டு கலந்த குப்பையில் சில வாரம் தாங்கினாலே பெரிது. கம்பூட்டையும் (உயரமான ரப்பர் பூட்ஸ்) வேலையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கால்வாய்த் தூர் எடுக்கிறவருக்கும் மழைத் தண்ணீரில் நிற்கிறவருக்கும் அது வேண்டும். தெருக்கூட்டுகிறவருக்கு அடிப்பாகம் கெட்டியான மூடிய ஷூ போதும், 4, 5 நம்பர்களிலும் வாங்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: இந்தக் கையுறை எதுவும் ஊசியைத் தடுக்காது. வீட்டுக் குப்பையில் இன்சுலின் ஊசி வருவது இப்போது சாதாரணம். குத்தினால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டியில் போவது, அன்றைக்குச் சம்பளம் உண்டா என்ற மூன்றும் வார்டு ஆபீஸ் சுவரில் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதுக்கு ‘உண்டு’ என்ற பதில் இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண். கையைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள்.

ஊசி குத்திப் பரவும் இன்னொன்று மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி). அதன் தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். முதல் தவணைக்குக் கூட்டம் வரும், போட்டோ வரும். ஆறாம் மாதத்தில் கான்ட்ராக்ட் மாறியிருக்கும், பட்டியல் பழைய கம்பெனியிடம் இருக்கும். பட்டியல் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும், அட்டை பணியாளர் கையில். ஒப்பந்ததாரருக்கு இதில் வேலையே இல்லை.

கான்ட்ராக்ட் மாறுவது பற்றிச் சொன்னேன். ஆட்களின் உடம்பை அதிகம் கெடுப்பது இதுதான் என்பேன், ஏனென்றால் இஎஸ்ஐ அங்கேதான் அறுந்துபோகிறது.

கணக்கைப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ உண்டு. பணியாளர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25. நோய் வந்து படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் என்ற ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி–ஜூனில் பலன்.

ஒருவர் மாதம் 25 நாள் வேலை பார்க்கிறார். ஜூலையில் கம்பெனி மாறுகிறது. புதிய கம்பெனி பழைய இன்சூரன்ஸ் எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒன்று போட்டுவிடுகிறது. பழைய எண்ணில் 75 நாள், புதிய எண்ணில் 75 நாள். மொத்தம் 150 நாள் உழைத்திருக்கிறார், இரண்டிலும் 78 வரவில்லை. ஜனவரியில் காசநோய் என்று படுத்தால் கவுன்டரில் ‘தகுதி இல்லை’ என்பார்கள். இரண்டு எண்ணையும் இணைக்க வழி உண்டு, ஆனால் காய்ச்சலோடு கிளை அலுவலகத்துக்கு அலைய வேண்டியவர் அவர்தானே. சிலர் அலைய முடியாமல் அப்படியே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வேலையில் அடிபட்டால் மட்டும் இந்த 78 நாள் நிபந்தனை கிடையாது, சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அதற்கும் விபத்து அறிக்கையை நிறுவனம் அனுப்ப வேண்டும். அறிக்கை அனுப்பாமல் ‘லீவு’ என்று எழுதிவிட்டால் அதுவும் போச்சு.

இதைச் சரிசெய்ய அரசாணை எதுவும் வேண்டாம். பழைய எண்ணிலேயே தொடர வேண்டும் என்று வேலை ஆணையில் ஒரு வரி, மாதாந்திர பில்லில் ஒரு சோதனை. இப்போது பில்லோடு மொத்தத் தொகைக்கான சலானை இணைக்கிறார்கள், ஆடிட்டரும் டிக் அடிக்கிறார். சலானில் தொகை இருக்குமே தவிர யார் பெயருக்கு எத்தனை நாள் என்று இருக்காது. பெயர்வாரியான பங்களிப்புப் பட்டியலை வாங்கி வருகைப் பதிவோடு ஒப்பிட வேண்டும். மஸ்டரில் 25 நாள், பட்டியலில் 15 நாள் என்றால் பில்லை நிறுத்த வேண்டும். ஒரு வார்டுக்கு ஒரு கிளார்க் ஒரு மதியத்தில் முடிக்கிற வேலை.

கழிப்பறைக்கு வருவோம். பெண் பணியாளர்கள் வேலை நேரத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது பழக்கத்தால் அல்ல. காலை 6 மணிக்குப் போக இடம் இல்லை, வார்டு ஆபீஸ் திறப்பது 10 மணிக்கு. அடிக்கடி வரும் நீர்க்கடுப்புக்கும் கோடையில் மயங்கி விழுவதற்கும் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கலாம், சாவி கொடுக்க முடியாது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கோடையில் வேலையை 5 மணிக்குத் தொடங்கி 11க்குள் முடிக்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னையின் தெற்கு ஓரத்தில் பணியாளர்கள் குடியிருக்கும் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் 5 மணிக்கு வட சென்னைக்கு எப்படி வருவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பஸ் இல்லாமல் நேரத்தை மட்டும் மாற்றினால் ஷேர் ஆட்டோ செலவு அவர்கள் தலையில்தான் விழும்.

2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் நடந்த போராட்டத்துக்குப் பிறகு அமைச்சரவை ஆறு திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம், சுயதொழில் கடனுக்கு மானியம் எல்லாம் அதில் உண்டு. காலை உணவை நான் மனதார வரவேற்கிறேன். தொழில்சார் நோய்களுக்கான சிகிச்சைத் திட்டமும் அதில் இருக்கிறது. ஆனால் வேலையில் சேரும்போதே நுரையீரல், முதுகு, தோல், சர்க்கரை எல்லாம் பார்த்துப் பதிவு செய்யாவிட்டால், பத்து வருஷம் கழித்து இளைப்பு வந்தவரிடம் ‘இது வேலையால் வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?’ என்று கேட்பார்கள். சேரும்போது ஒரு பரிசோதனை, ஆண்டுக்கு ஒன்று, பதிவேடு ஆளோடு போக வேண்டும். போராடியவர்கள் கேட்ட வேலை நிரந்தரத்தை அந்த ஆறில் எதுவும் தொடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மருத்துவக் கோணத்தில் பார்த்தாலும் அது பெரிய விஷயம்: கூலி குறைந்தால் மதியத்துக்கு மேல் வீட்டுவேலைக்குப் போவார்கள், ஓய்வெடுக்க வேண்டிய உடம்பு இரண்டாவது ஷிப்ட் பார்க்கும்.

‘டெண்டர் ஏற்கெனவே போட்டாச்சு, இனி என்ன செய்ய?’ என்று கேட்கிற கவுன்சிலர்களுக்கு: அபராதப் பக்கத்தைப் பாருங்கள். தெருவில் குப்பை நின்றால் இவ்வளவு, தொட்டி நிரம்பி வழிந்தால் இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். கையுறை இல்லாமல் ஆள் நின்றால் எவ்வளவு, இஎஸ்ஐ நாள் குறைந்தால் எவ்வளவு என்று இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து கூடுதல் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், நீட்டிப்புக் கேட்டு அவர் வரும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு நீட்டிப்பு உத்தரவிலேயே இதை எழுதுங்கள்.