சைன், காஸ் வராவிட்டால் கம்ப்யூட்டர் படிக்கக் கூடாதா?

"கணக்கே வரவில்லை, உனக்கு எதற்குக் கம்ப்யூட்டர்?" எங்கள் தண்டையார்பேட்டையில் இந்த ஒரு கேள்வியால் எத்தனை பிள்ளைகள் ஆசையை மூட்டை கட்டி வைத்தார்கள் என்று நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படிக்கிறாள். முடித்ததும் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வேண்டும் என்பது அவள் கனவு. முதலாண்டுக் கணிதத் தாள் அரியராக நிற்கிறது, காரணம் சைன், காஸ் என்று வரும் முக்கோணவியல். "அக்கா, சைன் காஸே புரியவில்லை. எனக்கு எங்கே புரோகிராமிங் வரப்போகிறது?" என்கிறாள்.

மென்பொருள் எழுதித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. கிடங்கில் சரக்கு வரவு செலவு, பில், சம்பளப் பட்டியல் என்று நான் எழுதிய எதிலும் சைன் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே வேண்டியது வேறு: இது நடந்தால் அது, நடக்காவிட்டால் இது என்று பிசிறில்லாமல் யோசிக்கும் பழக்கம், தவறு எங்கே என்று தேடும் பொறுமை. இரண்டும் அந்தப் பெண்ணிடம் நிறையவே இருக்கின்றன.

அதற்காக முக்கோணவியல் வெட்டி வேலை என்று சொல்லமாட்டேன். விளையாட்டுச் செயலியில் ஒரு பந்து வட்டமடிக்க வேண்டுமானால் சைனும் காஸும் வேண்டும். செல்போனில் எடுக்கும் படத்தை ஜேபெக் கோப்பாகச் சுருக்கும்போது, 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துக் காஸ் அலைகளைக் கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். தேவைப்படும் இடம் வரும்போது கற்றுக்கொள்ளலாம். வாசலிலேயே நின்று விரட்டும் காவல்காரனாக அதை ஆக்கியது யார்?

பத்தாம் வகுப்பில் கலங்கரை விளக்கம், ஏற்றக்கோணம் என்று தமிழில் படித்த பிள்ளைக்கு, பாலிடெக்னிக்கில் எடுத்த எடுப்பில் ஆங்கிலத்தில் சைன் ஏ கூட்டல் பி சூத்திரம். ஆரம் ஒன்று உள்ள ஒரு வட்டம் வரைந்து, அதன்மேல் ஒரு புள்ளியை நகர்த்தி, மையத்திலிருந்து அந்தப் புள்ளியின் உயரம்தான் சைன் என்று காட்ட யாருக்கும் நேரமில்லை. மனப்பாடம் செய், எழுது, மறந்துவிடு. அவ்வளவுதான்.

அவளிடம் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் சைன் 30 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். அரை வரும் என்று காத்திருந்தாள், -0.988 வந்தது. கம்ப்யூட்டர் பாகையில் அல்ல, கோணத்தின் இன்னொரு அளவான ரேடியனில் கணக்குப் போடுகிறது என்றதும் அவளே 30-ஐப் பை (π) என்ற எண்ணால் பெருக்கி 180-ஆல் வகுத்தாள். இப்போது 0.49999999999999994. "ஏன் சரியாக அரை வரவில்லை?" என்று விடாமல் கேட்டாள். முடிவில்லாத பையைக் கம்ப்யூட்டர் எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தானே வைத்துக்கொள்ள முடியும்! புத்தகத்தில் வராத இந்தக் கேள்வியைக் கேட்கிறவளுக்கா கம்ப்யூட்டர் வராது?

ராயபுரத்தில் கணித மேதை ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 1912-இல் நம் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். கணிதத்தில் அப்படிப்பட்டவரே மற்றப் பாடங்களில் தவறி எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தோற்றார். அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் முக்கோணவியலில் சிக்கி நிற்கிற பிள்ளைகள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிறு மாலையில் அவளோடு சேர்த்துச் சொல்லித்தருகிறேன். காசு வேண்டாம், ஒரு நோட்டும் காம்பஸும் போதும்.